கழுவிய பின் கேட்பது: ஷிண்டோ நெறியில் உள்ளுணர்வு

ஜப்பானியரின் பூர்வீக நெறியான ஷிண்டோவை நிறுவியவர் என்று ஒருவர் கிடையாது. மலை, அருவி, முதிர்ந்த மரம், முன்னோர் என மனிதன் வியந்து நிற்கும் இடமெல்லாம் ‘காமி’ உண்டு என்பார்கள். (நம் ‘சாமி’ போல ஒலிக்கிறதே என்று உறவு கொண்டாட வேண்டாம், ஒலி ஒற்றுமை மட்டுமே.) உள்ளுணர்வை எப்படி வளர்ப்பது என்று இந்நெறியில் தேடினால், எப்படிக் கழுவுவது என்ற பாடமே முதலில் கிடைக்கும்.

மனம் இயல்பிலேயே தெளிவானது; மரணம், நோய் முதலியவற்றால் அதன்மேல் படிவதைக் ‘கெகாரே’ என்கிறார்கள். நாம் குற்றம் செய்திருக்க வேண்டியதில்லை, தூசு போலத் தானே படியும். பல ஷிண்டோ ஆலயங்களின் கருவறையில் இருப்பது ஒரு கண்ணாடி என்பது இங்கே பொருத்தமாகப்படுகிறது. கி.பி. 712-இல் தொகுக்கப்பட்ட ‘கோஜிகி’ என்ற நூலில், இசானகி என்ற தேவர் இறந்தோர் உலகிலிருந்து திரும்பி ஆற்றில் நீராடுகிறார். இடக்கண்ணைக் கழுவும்போது சூரிய தேவி அமதெராசு பிறக்கிறாள். ‘மிசோகி’ என்னும் நீராட்டுச் சடங்குக்கு மூலக்கதை இதுதான்.

ஆலய வாசலில் எல்லோரும் செய்வது இதன் சிறு வடிவம். நீண்ட கைப்பிடி கொண்ட அகப்பையை வலக்கையில் எடுத்து இடக்கையைக் கழுவ வேண்டும். பிறகு கை மாற்றி வலக்கை. மீண்டும் வலக்கையில் அகப்பையை வாங்கி, இடது உள்ளங்கையில் நீர் ஊற்றி வாய் கொப்பளித்து, இடக்கையை மறுபடி கழுவ வேண்டும். கடைசியில் அகப்பையை நிமிர்த்தி, மிஞ்சிய நீர் கைப்பிடி வழியே வழியவிட வேண்டும், அடுத்து வருபவருக்காக. முழுவதற்கும் ஓர் அகப்பை நீர் போதும். கவனம் சிதறினால் வரிசை தப்பிவிடும். பயிற்சியே அதில்தான் இருக்கிறது.

பெரிய மிசோகி அருவியில் நடப்பது. மியே மாநிலத்தின் சுபாக்கி ஆலயம் இதற்குப் பெயர் பெற்றது. நீரில் இறங்குமுன் செய்யும் பயிற்சிகளை இன்றைய ஒழுங்கில் அமைத்தவர் கவாத்சுரா போன்ஜி (1862–1929). அவற்றில் ‘ஃபுரிதாமா’ வீட்டிலும் செய்யக்கூடியது. கால்களைச் சற்று அகற்றி நின்று, இடக்கைமேல் வலக்கை வைத்து, நடுவில் ஒரு பந்து இருப்பதுபோல் குழிவு விட்டு, வயிற்றுக்கு முன்னால் மேலும் கீழுமாகக் குலுக்க வேண்டும். பிறகு அசையாமல் நின்று கேட்க வேண்டும். குளிர்நீர் அருவியை மட்டும் இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நினைக்கவே வேண்டாம்.

அப்படிக் கேட்கும்போது எழும் குரலை நம்பலாமா? கோஜிகியிலேயே ஒரு கதை உண்டு. சுவாய் மன்னர் கோத்தோ என்னும் தந்திக் கருவியை வாசிக்க, அரசி ஜிங்குவின் மேல் அருள் இறங்குகிறது. மேற்கே செல்வம் நிறைந்த நாடு இருப்பதாக வாக்கு வருகிறது. “மேற்கே கடல்தான் தெரிகிறது” என்று மன்னர் நம்ப மறுத்து, அங்கேயே இறந்துபோகிறார். அமைச்சர் தாகெனோஉச்சி அதன்பின் செய்ததுதான் நமக்கு வேண்டியது. நாடு முழுவதற்கும் சுத்திகரிப்புச் சடங்கு நடத்தி, அதே கேள்வியை மறுபடி கேட்கிறார். அதே விடை வருகிறது. அப்போதும் விடாமல், “பேசுவது யார்?” என்று கேட்கிறார். இப்படி விசாரிப்பவருக்கு ‘சனிவா’ என்று பெயர். மன்னர் சந்தேகப்பட்டதில் எனக்குக் குறை தெரியவில்லை. இதே கதையைப் பிற்காலத்தில் கொரியாவை ஆள்வதற்கு நியாயமாகவும் காட்டினார்களே!

ரயில்வேயில் கீமேன் தினமும் தண்டவாளத்தோடு நடப்பார். சுத்தியல் பட்ட ஓசையிலேயே எது தளர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் குனிந்து, கையால் தொட்டுப் பார்ப்பார். அவரும் ஒரு சனிவாதான்.

ஓய்வுக்குப் பின் ஊர் திரும்புவதா, பிள்ளைகள் இருக்கும் இங்கேயே தங்குவதா என்ற கேள்வி நம்மில் பல வீடுகளில் இருக்கிறது. “மனசு சொல்கிறது” என்கிறோம். சொல்வது உள்ளுணர்வா, பயமா, பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் வீடு கட்டிய செய்தியா? அலைச்சலும் கோபமும் இல்லாத ஒரு காலை, குளித்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து அதே கேள்வியைக் கேளுங்கள். விடையைத் தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். வீட்டம்மாவையும் தனியாகக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். இரண்டு தாள்களையும் பிறகு சேர்த்துப் பார்க்கலாம்.