சொல்லும் பொருளும்
விசேட தேவையுடைய சிறார்க்குச் சொற்கற்பித்தல்

தாயும் தமக்கையும் பேசக் கேட்டே பிள்ளையொன்று பள்ளி புகுமுன் பல நூறு சொற்களைப் பெற்றுவிடுகின்றது. செவிப்புலன் குன்றிய பிள்ளைக்குச் சொல் எட்டுவதில்லை. கட்புலன் குன்றிய பிள்ளைக்குச் சொல் எட்டினும் பொருள் எட்டுவதில்லை. மெல்லக் கற்கும் பிள்ளைக்கு இரண்டும் நிலைப்பதில்லை. வயிற்றுநோவைச் சொல்லச் சொல்லற்ற குழந்தை அழும். அதனை அடம் என்பர். ஆதலின் இப்பிள்ளைகட்குச் சொல், பாடம் மட்டுமன்று, வாழ்வுக் கருவியுமாகும்.

நம் நாட்டில் இத்தகையோர் கல்வி, 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய பள்ளியோடு வேரூன்றியது. யாழ்ப்பாணத்தில் 1956 முதல் கைதடி நவீல்ட் பாடசாலை அரும்பணியாற்றி வருகின்றது. இன்று பொதுப் பாடசாலைகள் பலவற்றிலும் விசேட கல்வி அலகுகள் உள. எனவே இஃது ஆசிரியர் அனைவர்க்கும் உரிய பொருளாயிற்று.

பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என அறுவகைப்படுத்தினார் நன்னூலார். மாணவர் பரீட்சைக்கு மனனஞ்செய்யும் இப்பகுப்பு, சிறார்க்குச் சொற்கற்பிக்கவும் சிறந்த வழிகாட்டியாகும். பனையை எடுத்துக்கொள்வோம். அது பொருள். அதன் சினையாகிய ஓலை, ஈர்க்கு, கருக்குமட்டை என்பவற்றைக் கையிற் கொடுக்கலாம். கருக்கின் கூர்மை, நுங்கின் குளிர்ச்சி ஆகிய குணங்களைத் தொட்டுணரச் செய்யலாம். கிழித்தல், பின்னுதல் ஆகிய தொழில்களைச் செய்வித்தே கற்பிக்கலாம். இடமும் காலமும் கைக்கு அகப்படா. ஆதலின் அவை பின்னரே வருதல் வேண்டும். பிள்ளையைப் பனைவளவுக்கு அழைத்துச் சென்று இடத்தையும், நுங்கு முற்றிப் பழமாகும்வரை பன்முறை காட்டிக் காலத்தையும் உணர்த்துக.

பிள்ளைக்கேற்ப முறையும் வேறுபடும். உதட்டசைவு நோக்கிக் கற்கும் பிள்ளைக்குப் பகரமும் மகரமும் ஒன்றாகவே தோன்றும். 'பாடு', 'மாடு' என்பவற்றை உதடு கொண்டு பிரித்தறிதல் அரிது. அங்கே படமும் எழுத்தும் சைகையும் துணைநிற்றல் வேண்டும். கட்புலன் குன்றிய பிள்ளை 'வானவில்' என்று திருத்தமாக உச்சரிப்பதனால் அதனை அறிந்ததெனக் கொள்ளற்க. தொடக்கூடிய பொருள்களிலிருந்தே தொடங்குக. மெல்லக் கற்கும் பிள்ளைக்கு நாளுக்கு ஒன்றிரண்டு சொற்களே போதும். ஆயின் அவை வகுப்பிலும் வீட்டிலும் விளையாட்டிலும் மீண்டும் மீண்டும் வழங்குதல் வேண்டும்.

ஆசிரியர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது கற்றலாகாது. 'ஓலை தா' என்று பிள்ளை தானே கேட்கும் நாளிலேதான் அச்சொல் அதன் உடைமையாகின்றது. பழைய மாணவர்காள்! உங்கள் வீட்டிலோ அயலிலோ இத்தகைய பிள்ளை இருப்பின், அது சொல்லத் தொடங்குவதை நீங்கள் முந்திச் சொல்லி முடித்துவிடாதீர்கள். பொறுத்திருங்கள், அப்பொறுமையே அப்பிள்ளைக்கு நீங்கள் நல்கும் முதற் கல்வியாகும்.