எந்தப் பதினோரு பேர் பெரிசு?

வீராம்பட்டினம் கடற்கரை மணலில் சாயங்காலம் பந்து ஆடி முடித்து உட்கார்ந்தால் ஒரு சண்டை தவறாமல் கிளம்பும். "இந்தியாவோட பழைய புட்பால் டீம் பெரிசா, பின்னாடி வந்தவங்க பெரிசா?" ஊர்ப் பெரியவங்க ஒரு கட்சி, நாங்க ஒரு கட்சி.

ஒரு நாள் நோட்டை எடுத்து இரண்டு காலம் கோடு போட்டேன். ஒரு பக்கம் 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணி. மறுபக்கம் அதற்குப் பின் வந்தவர்களில் பொறுக்கி எடுத்த கற்பனை அணி. நண்பர்களே, நீங்களும் கூடவே மார்க் போடுங்கள்.

கோல்கீப்பர்: பழைய அணிக்கு பீட்டர் தங்கராஜ். 1967-ல் அர்ஜுனா விருது பெற்றவர். புதிய அணிக்கு குர்பிரீத் சிங் சந்து. நார்வே கிளப்புக்காக 2016-ல் ஐரோப்பா லீக் தகுதிச் சுற்றில் ஆடியவர். 2019-ல் தோகாவில் ஆசிய சாம்பியன் கத்தாரை இந்தியா 0-0 என்று நிறுத்தியபோது அவர்தான் கேப்டன், அவர்தான் சுவர். மார்க் சமம்.

தடுப்பு ஆட்டம்: ஜர்னைல் சிங், அருண் கோஷ், சந்திரசேகர் ஒரு பக்கம். 1970-ல் பாங்காக்கில் வெண்கலம் வென்ற நயீமுத்தீன், சுதீர் கர்மாகர், கூடவே சந்தேஷ் ஜிங்கன் மறுபக்கம். யோசிக்காமல் பழைய அணிக்கே போட்டேன்.

நடுக்களம்: பிராங்கோவும் பிரசாந்த சின்ஹாவும் உழைப்பாளிகள். ஆனால் கேரளத்தின் ஜோ பால் அஞ்சேரி எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடுவார். புதிய அணிக்கு ஒரு மார்க்.

முன்களம்: இங்கேதான் பேனா நின்றுவிட்டது. பி.கே.பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று மூன்று பேர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக பானர்ஜி கோல் போட, ஆட்டம் 1-1. நம்ம ஊரை அதுக்கு ஆறு வருஷம் முன்னால்வரை ஆண்ட அதே பிரான்ஸ்தான்! எதிரே ஐ.எம்.விஜயன், பூட்டியா, நாட்டுக்காக 90-க்கு மேல் கோல் போட்ட சுனில் சேத்ரி. கோல் கணக்கைப் பார்த்து புதிய அணிக்குக் கொடுத்தேன்.

கூட்டிப் பார்த்தால் புதிய அணி ஜெயித்துவிட்டது. நோட்டைப் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, "ஜர்னைல் சிங்கை எந்த இடத்துல எழுதியிருக்கே?" என்றார். "பேக்." "ஜகார்த்தா பைனல்ல அவர் எங்க ஆடினார்?"

தேடிப் படித்தேன். அந்தப் போட்டியில் இந்தியா முதலில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைலுக்குத் தலையில் அடி, தையல் வேறு. பயிற்சியாளர் ரஹீம் அவரை உட்கார வைக்கவில்லை. சென்டர் பார்வர்டாக முன்னே அனுப்பினார். அரையிறுதியில் ஒரு கோல். பைனலில் அதே கொரியாவுக்கு எதிராக பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2-1, தங்கம்! தங்கராஜும் ஆரம்பத்தில் சென்டர் பார்வர்டாக ஆடியவர்தானாம்.

என் நோட்டில் இதற்கெல்லாம் காலமே இல்லை. யார் யாருக்கு இடம் விட்டுக் கொடுப்பார், யார் அடிபட்டால் யார் நகர்வார் என்பதை எங்கே எழுதுவது? ரஹீம் பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது? 1970-க்குப் பிறகு ஆசிய விளையாட்டு கால்பந்தில் நமக்குப் பதக்கமே இல்லை. ஆள் இல்லாமலா?

இதைப் படித்தபோது எனக்கு உறுத்தியது. போன வருஷம் டிபார்ட்மென்ட் மேட்சுக்கு லிஸ்ட் போட்டவன் நான்தான். நன்றாக கோல் அடிக்கிற ஐந்து பேரைச் சேர்த்தேன். எந்த இடத்திலும் ஆடத் தயாராக இருந்த நண்பனை, "உனக்குன்னு ஒரு இடம் இல்லையேடா" என்று சொல்லி விட்டுவிட்டேன். பந்தை வாங்க ஐந்து பேர் ஓடினார்கள், கொடுக்க ஆளில்லை. 0-3. அவன் வெளியே நின்று கடைசிவரை கைதட்டினான்.

எங்க ஊரில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலசாலி எல்லாரும் ஒரே கயிற்றைப் பிடித்தால் வலை கோணிக்கொள்ளும், மீன் போய்விடும். இரண்டு பக்கமும் ஒத்து இழுக்கணும். பக்கத்தில் இருப்பவன் களைத்தால் அவன் கயிற்றையும் பிடிக்கணும்.

இந்த வருஷ லிஸ்டில் முதல் பெயர் அந்த நண்பனுடையது. எந்த இடம் என்று எழுதவில்லை.