பரிசோதனையும் முடிபும்

கமக்காரர் ஒருவர் பெரும்போகத்தில் புதியதொரு பசளையை வயல் முழுவதற்கும் இடுகின்றார். விளைச்சல் பெருகுகின்றது. பெருக்கியது பசளையா, காலத்திற் பெய்த மழையா? பசளையிடாத பாத்தி ஒன்றேனும் இல்லாமையால் இவ்வினாவுக்கு விடையில்லை. ஆயினும் மறுபோகத்திற் கடன்பட்டேனும் அப்பசளையையே அவர் வாங்குவார். இக்குறையை நீக்குவதே பரிசோதனையின் நோக்கமாகும்.

ரொதம்ஸ்ரெட் வயல்

பயிருக்கு வேண்டிய நைதரசன் வளிமண்டலத்திலிருந்தே கிடைக்கும், மண்ணுக்குக் கனியுப்புகளை இட்டாற் போதும் என ஜேர்மனிய அறிஞர் லீபிக் கருதினார். இதனை ஆராய்ந்தவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த லோஸ், கில்பேட் என்போராவர். அவர்கள் 1843ஆம் ஆண்டில் ரொதம்ஸ்ரெட்டிற் கோதுமைப் பரிசோதனையைத் தொடங்கினர். வயலின் ஒரு துண்டத்துக்கு எதுவும் இடப்படவில்லை. ஒன்றுக்கு மாட்டெருவும், ஒன்றுக்குக் கனியுப்புகள் மட்டும், வேறு சிலவற்றுக்குக் கனியுப்புகளுடன் நைதரசனும் இடப்பட்டன. கனியுப்பு மட்டும் பெற்ற துண்டம், எதுவும் பெறாத துண்டத்தினும் சிறிதே மிகுதியாக விளைந்தது. நைதரசனும் போதிய அளவு பெற்றவை எருவிட்ட துண்டத்துக்கு நிகராக விளைந்தன. லீபிக்கின் கருத்து கோதுமைக்குப் பொருந்தாதென்பது புலனாயிற்று. இப்பரிசோதனை இன்றும் நடைபெறுகின்றது.

எனினும் அவரையினப் பயிர்கள் நைதரசப் பசளையின்றியும் செழித்தன. அவற்றின் வேர்ச்சிறுகணுக்களில் வாழும் பற்றீரியங்களே அதற்குக் காரணமெனப் பின்னர் அறியப்பட்டது. ஆகவே ஒரு பயிரிற் கண்ட முடிபை ஆராயாது மற்றொன்றுக்கு ஏற்றுதல் தவறாகும்.

1919ஆம் ஆண்டில் அங்கு பணியேற்ற பிஷர் என்பவர், ஒரே வயலிலும் மண்வளம் இடத்துக்கிடம் வேறுபடுமாதலால், ஒவ்வொரு முறையையும் பல பாத்திகளிற் செய்து, அப்பாத்திகளைச் சீட்டுக் குலுக்குவது போலத் தெரிதல் வேண்டுமெனக் காட்டினார்.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுதல் வேண்டும். நெல்லினம், நாற்றின் வயது, நடும் நாள், நீர் ஆகியன எல்லாப் பாத்திகளிலும் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

2. சம அளவான எட்டுப் பாத்திகளை அமைத்து, நான்கிற்குப் பசளையிட்டு நான்கை விடுக. எவை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க. நல்ல பாத்தியைப் பசளைக்கென ஒதுக்கலாகாது.

3. பாத்திகளுக்கிடையே வரம்பு உறுதியாயிருத்தல் வேண்டும். நீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயின் பசளையும் உடன் செல்லும்.

4. ஒவ்வொரு பாத்தியையும் தனித்தனியே அறுத்துச் சூடடித்து, நெல்லை உலர்த்தி நிறுத்து எழுதி வைக்க. கண்மதிப்பு ஏமாற்றும்.

இரு போகங்களேனும் இவ்வாறு செய்து, மிகுதியாகக் கிடைத்த நெல்லின் விலையைப் பசளையின் செலவுடன் ஒப்பிடுக. பசளையாற் பயனில்லையெனத் தெரியவரினும் அதுவும் பயனுள்ள முடிபே. கைப்பணம் வீணாகாமல் அது காக்கும்.