கட்டமிட்ட துணி கடல் கடந்த கதை

'ஆடையில்லா மனிதன் அரை மனிதன்' என்பது நம் முன்னோர் மொழி. உடலை மறைப்பதோடு ஆடையின் வேலை முடிந்துவிடுவதில்லை. உடுத்தியவர் எந்த ஊரார் என்பதையும் அது சொல்லும். காரைக்குடியில் வாழும் நமக்கு இதற்குச் சான்று வேண்டுமா? நம் ஆச்சிமார் கட்டிய கண்டாங்கிச் சேலை ஒன்றே போதும். சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாய்க் கட்டங்கள், அகன்ற கரை! தொலைவில் கண்டாலே செட்டிநாடு என்று சொல்லிவிடலாம்.

கண்டாங்கியைப் போன்றே கட்டமிட்ட வேறொரு தென்னிந்தியக் கைத்தறித் துணி, ஆப்பிரிக்காவரை சென்று புகழ் பெற்றதை நம்மில் பலர் அறியோம். 'மெட்ராஸ் கைக்குட்டை' என்பது வணிகர் அதற்கு இட்ட பெயர். மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜர் ஆறு கடலோடு கலக்கும் பகுதியில் வாழும் கலபாரி மக்கள் அதனை 'இஞ்சிரி' என்றனர். வாங்கிய துணியை அவர்கள் அப்படியே உடுத்தி அமையவில்லை. கலபாரிப் பெண்கள் கூரிய கத்தியால் சில இழைகளை மட்டும் அறுத்து உருவி, கட்டங்களுக்கிடையே புதுக் கோலங்களைப் படைத்தனர். 'பெலெட்டே பிட்டே', அதாவது 'இழை அறுத்த துணி', என்பது அதன் பெயர். நெசவு நம்முடையது, கோலம் அவர்களுடையது! விழாக்களிலும் இறுதிச் சடங்குகளிலும் சிறப்பிடம் பெற்ற அத்துணி, இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1958-இல் கலபாரி ஊரான புகுமாவில் பிறந்த சோக்காரி டக்ளஸ் கேம்ப் அம்மையார், தம் மக்களின் முகமூடி ஆட்டத்தை எஃகுச் சிற்பமாக வடித்தார். அதுவும் அங்கே இடம் பெற்றுள்ளது.

இதனால் நாம் அறிவது யாது? பிறரிடம் பெறுவது தாழ்வன்று; பெற்றதில் தன் கைவண்ணத்தைச் சேர்ப்பதே கலை. நம் மண்ணிலும் இதைக் காணலாம். சிமெண்ட் பூக்கல் மேனாட்டிலிருந்து வந்த தொழில். ஆத்தங்குடிக் கைவினைஞரோ கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, உள்ளூர் மணல் கலந்த சிமெண்டை இட்டு, நீரில் ஊறவைத்து உலர்த்துகின்றனர். சூளை இல்லை, பளபளப்பைத் தருவது அந்தக் கண்ணாடியே.

உலகமும் நம்மை நோக்குகிறது. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. 2019-இல் கண்டாங்கிச் சேலை புவிசார் குறியீடு பெற்றது. ஆனால், பெயர் மட்டும் தறியைக் காக்குமா? விசைத்தறித் துணியைக் கண்டாங்கி என்று விற்றால் கைத்தறியாளர் கூலி குறையும். கூலி குறைந்தால் அவர் பிள்ளைகள் தறியில் அமரமாட்டார்கள். பிறகு கண்டாங்கியை அருங்காட்சியகத்தில்தான் காண நேரும்.

ஆகவே, தோழியரே, சேலை வாங்கும்போது, "இது கைத்தறியா? எங்கே நெய்தது?" என்று கேட்போம். உரிய விலையை மனமுவந்து கொடுப்போம். கலபாரிப் பெண்கள் துணியில் தம் பெயரைப் பொறித்ததுபோல், நாமும் நம் ஊர்க் கலையைக் கற்று, புதுமை சேர்த்து, வருங்காலத்திற்கு வழங்குவோமாக!