மீன்தொட்டிக்கு உகந்த கண்ணாடி எது?

மீன்தொட்டி அமைக்க விழையும் மாணவர், பழைய மேசைக் கண்ணாடியையோ கடைக்கதவுக் கண்ணாடியையோ மலிவாகப் பெற்று வெட்டுவிக்க முயல்வதுண்டு. கீறி முறிக்கப் புகுங்கால் அது முழுவதும் கற்கண்டுபோற் சிதறிவிடின், அது கடைகளிலே டெம்பர் கண்ணாடி எனப்படும் வகையென்று அறிக.

சாதாரணக் கண்ணாடி மெல்ல மெல்ல ஆறவிடப்பெற்றது. டெம்பர் கண்ணாடியோ ஏறக்குறைய 620 பாகை செல்சியசுக்குச் சூடாக்கப்பெற்று, காற்றுத் தாரைகளாற் சடுதியிற் குளிர்விக்கப்படுவது. புறம் முந்தி இறுகும். அகம் பிந்திச் சுருங்குங்கால் புறத்தைத் தன்பால் இழுக்கும். ஆதலின் மேற்பரப்பு என்றும் நெருக்கலிலும், நடுப்பகுதி இழுவையிலும் நிற்கின்றன. மேற்பரப்பின் நுண்கீறல்கள் விரிவதாலேயே கண்ணாடி உடைகின்றது; நெருக்கல் அவற்றை மூடிவைப்பதால் வலிமை நான்கைந்து மடங்காகின்றது. 1661இல் இலண்டன் றோயல் சங்கத்தாரை வியப்பித்த றூப்பேட் இளவரசரின் கண்ணாடித் துளிகளின் மருமமும் இதுவே. அவற்றின் தலையைச் சுத்தியலால் அடிப்பினும் உடையாது. வாலை முறித்தாலோ முழுதும் தூளாகும்.

அங்ஙனமாயின் வலியதையே கொள்ளலாமே எனின், கணக்கிட்டுப் பார்ப்போம். 90 சென்ரிமீற்றர் நீளமும் 45 சென்ரிமீற்றர் நீர்மட்டமும் உள்ள தொட்டியின் முன்கண்ணாடி தாங்குவது சுமார் 91 கிலோகிராம் பாரம். தொட்டியின் அகலம் எதுவாயினும் இதில் மாற்றமில்லை. இப்பாரத்தாற் கண்ணாடி புறத்தே வளையும். வளைவைத் தீர்மானிக்கும் யங்கின் மட்டோ இருவகைக்கும் ஒன்றே. தடிப்பைப் பாதியாக்கின் வளைவு எட்டு மடங்காகிச் சிலிக்கோன் பொருத்துக்களை வருத்தும். வலியது, ஆகவே மெல்லியது போதும் என்னும் வாதம் இங்கே வீழ்கிறது.

உடையும் விதமும் சிந்திக்கற்பாலது. சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் வெடித்து நீர் கசியும். வாளியெடுத்து மீன்களைக் காக்க அவகாசமுண்டு. மற்றையது நொடியிற் சிதறி, தொட்டிநீர் அனைத்தையும் அறையிற் கொட்டிவிடும். ஆகையால் இவ்வளவுத் தொட்டிக்கு 10 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள சாதாரணக் கண்ணாடியே எமது தெரிவு. (வளர்க்கும் மீன் கடையில் வாங்கியதாகுக. 1985இல் அறிவியற்பெயர் பெற்ற, நம் மாவட்டத்துக் களுகங்கைக் கெண்டை ஆற்றிலேயே வாழட்டும்.)

கையிலுள்ள கண்ணாடி எவ்வகையென அறிய ஓர் எளிய வழியுண்டு. கணினியின் வெண்திரைக்கு முன்னே அதைப் பிடித்து, முனைவாக்கிய வெயிற்கண்ணாடி அணிந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்து நோக்குக. டெம்பர் கண்ணாடியாயின் கரும்புள்ளிகளோ பட்டைகளோ தோன்றும். அத்தகையதை வெட்டவும் இயலாது, குழாய்க்குத் துளையிடவும் இயலாது. அவையெல்லாம் சூளைக்குச் செல்லுமுன்னரே முடிந்திருத்தல் வேண்டும்.