வெட்டினால் போதாது, தூரோடு எடுங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்பின் பொதுத் தோட்டத்தில் சீமைக்கருவேலம் வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், ஒத்தக்கடை

பதில்: அடிக்கட்டையை விட்டுவைத்தால் துளிர்க்கத்தான் செய்யும். சுற்றிலும் தோண்டித் தூரோடு பெயர்த்தெடுங்கள். உதிர்ந்த நெற்றுகளைப் பொறுக்கிவிடுங்கள். ஆடு தின்றால் புழுக்கை வழியே விதை பரவும். மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளை ஈரம் காயுமுன் கையாலேயே பிடுங்கிவிடலாம்.

இடத்தைச் சும்மா போட்டால் மறுபடி அதுவே மண்டும். ஐப்பசி மழையை ஒட்டி வேம்பு, புங்கை, பூவரசு நடுங்கள்; வேலியோரம் ஆவாரை போதும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றியே ஆகவேண்டும்.

தமிழக அரசு 2022-இல் வகுத்த அந்நியத் தாவரக் கொள்கையும் அகற்றுவதோடு இயற்கைச் சூழலை மீட்பதையும் சேர்த்தே சொல்கிறது. அகற்றும் நாளைக் குறிக்கும்போதே நடும் நாளையும் குறித்துவிடுங்கள்.