ஆத்தங்குடிக் கல் உலரும் வரை

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதித்ததற்குச் சோம்பலைக் காட்டிலும் கோபமே அதிகக் காரணம் என்பதை மறைப்பானேன்? காலையில் காரைக்குடியில் இறங்கி, அஸ்தமனத்துக்குள் ஒன்பது வீடுகளை எட்டிப் பார்த்து, கானாடுகாத்தானில் விடுதியாக மாறிவிட்ட ஒரு மாளிகையில் இரவு படுத்து, விடிந்ததும் புறப்பட்டு வந்துவிட்டு, 'காலி வீடுகளுக்கா இவ்வளவு வாடகை? இந்தப் பணத்தைச் சேர்த்து வைத்தால் இத்தாலியின் தெற்கே பூலியாவில் ஒரு பழைய பண்ணை வீட்டில் சுகமாகத் தங்கலாமே!' என்று எழுதியிருக்கிறாய். ஒன்பது வீடுகளைப் பார்த்தவன் ஒரு வீட்டையாவது பார்த்திருப்பானா என்பதே என் சந்தேகம்.

பர்மாவிலும் மலேயாவிலும் செட்டிநாட்டு நகரத்தார் நடத்திய கொடுக்கல் வாங்கலில் இந்த வீடுகள் எழுந்ததையும், 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததோடு அங்கே முடங்கிய முதலீட்டையும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 'காலி' என்ற சொல் என்னைக் குத்துகிறது. நடுமுற்றமும் தூண்களுமுள்ள உள்கட்டான வளவைச் சுற்றியுள்ள அறைகள் பிள்ளைக்கொன்றாகப் பங்காகி, பேரன் கொள்ளுப்பேரன் வரையில் பங்காளிகள் பெருகி, அவரவர் பூட்டு அவரவர் கதவில் தொங்க, கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் மட்டும் எல்லாரும் கூடித் திறக்கும் வீடு அது. ஆளில்லாத நாளிலும் அதற்கு உடையவர்கள் உண்டு.

போகட்டும். நீ மிதித்து நடந்த தரையை எப்படிச் செய்கிறார்கள் என்று ஆத்தங்குடியில் நின்று பார்த்தாயா? இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, அதன்மேல் வர்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கைப்பழக்கத்தினாலேயே ஊற்றிப் பூவும் கொடியுமாக வரைந்து, உலர்ந்த சிமெண்டையும் மணலையும் தூவி, பின்புறத்தில் ஈரக் கலவையை நிரப்பித் தேய்க்கிறார்கள். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. ஒரு நாள் உலரவிட்டு, தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தினால், கண்ணாடி தானே கழன்றுகொள்கிறது. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த முகம் கண்ணாடியைப் போலவே பளபளக்கிறது. அதன்பின் அந்தப் பளபளப்பைக் காப்பது மனிதர் காலும் ஈரத்துணியுமே. நடமாட்டம் நின்ற அறையில் அது மங்கிப்போகிறது. இந்தக் கல்லைப் புரிந்துகொண்டவனுக்கு செட்டிநாடு முழுவதும் புரியும் என்பது என் நெடுநாளைய சித்தாந்தம். மிகையென்று நீ சிரித்தாலும் விடமாட்டேன்.

இனித் தங்கலைப் பற்றி: நம் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் குடும்பங்களுக்கெல்லாம் 'கார்த் து செஜூர்' என்ற தங்கல் அனுமதிச் சீட்டு தெரியும். அந்தச் 'செஜூர்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் வயிற்றுக்குள் 'ஜூர்', அதாவது பகல், ஒளிந்திருப்பதை வாலிபத்தில் அகராதி புரட்டியபோது கண்டு நான் அடைந்த ஆனந்தம் கொஞ்சமன்று. ஒரு பகலையேனும் ஓரிடத்தில் முழுதாகக் கழித்தவனே தங்கினவன். கானாடுகாத்தானில் நீ படுத்தாய், அவ்வளவே! முகப்பில் விழும் காலை வெயில், உச்சிப் பொழுதில் வளவின் நடுமுற்றத்துக்கு இறங்கி, பிறகு தூண் தூணாக நகர்வதை நீ பார்க்கவில்லை.

பூலியாவைப் பழிக்கிறேன் என்று நினைக்காதே. பண்ணை வீட்டில் விருந்தினரை ஏற்பவன் விவசாயத்தை விட்டுவிடக் கூடாது, விருந்தோம்பல் அதற்குத் துணைத்தொழிலாகவே இருக்கவேண்டும் என்று இத்தாலியர் 1985-இலேயே சட்டம் செய்தார்கள். அந்த விவேகத்தை நான் மெச்சுகிறேன். நம்மிடம் அப்படியொரு சட்டமில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த வீடுகளின் தேக்குத் தூண்களும் கதவுகளும் விலைக்கு நிற்கின்றன. கொத்தமங்கலத்துச் சாரதா விலாஸ் மாளிகையைப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இருவர் வந்து செப்பனிட்டு விடுதியாக்க நேர்ந்ததை நினைக்கையில் எனக்குச் சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன. 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமை உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம்பெற்றன. பட்டியலா ஓடு மாற்றும்? நீ கொடுத்த வாடகையில் ஒரு பங்காவது ஓடு மாற்றவும் முற்றம் பெருக்குகிறவர் கூலிக்கும் போயிற்றென்றால் அந்த வாடகை அதிகமில்லை.

தை பிறந்ததும் மறுபடி போ. ஒரே வீட்டில் ஐந்து நாள் இரு. முதல் நாள் ஆத்தங்குடியில் ஒரு கல்லை வார்க்கச் சொல்லி அடையாளம் வைத்துவிட்டு வா. கண்ணாடி கழலும் நாளில் திரும்பப் போய்ப் பார். உச்சிப் பொழுதில் வளவின் எந்தத் தூணடியில் வெயில் நின்றதென்று எனக்கு எழுது. எழுதவில்லையானால் நீ மறுபடியும் ஒன்பது வீடு பார்க்கக் கிளம்பிவிட்டாய் என்று அறிந்துகொள்வேன்.